மூன்று ஜோடிக் காப்புகள்: ஒரு ஃபேன்டஸி குறும்படத்துக்காகத் தோலில் செய்த வேலை

கடந்த கோடையில் கல்லூரி மாணவர்கள் சிலர் எடுத்த 30 நிமிட ஃபேன்டஸி குறும்படம் ஒன்றுக்கு உடைகளும் தோல் பொருள்களும் செய்து கொடுத்தேன். மேடை நாடகங்களுக்குத் தைத்துப் பழகிய எனக்கு, கேமரா அரை அடி தூரத்தில் வந்து நின்று பார்க்கும் வேலை புதியது. அந்தப் படத்துக்காகச் செய்தவற்றில் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அது மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை அணியும் தோலாலான முன்கைக் காப்பு. அதை முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. ஒரு பாத்திரத்தின் வளர்ச்சியை உடை எப்படிச் சொல்கிறது என்பது பற்றி நான் வைத்திருந்த எண்ணங்களில் பாதி அந்த ஏழு வாரத்தில் மாறிப்போயின.

கதை எளியது. பாலம் இல்லாத ஓர் ஆற்றில், கரைக்குக் கரை கட்டிய கயிற்றை இழுத்து ஓடம் செலுத்தும் ஒருத்தி, நீருக்குள் இருக்கும் பூதத்திடமிருந்து பயணிகளைக் காத்து வருகிறாள். அவள் இறந்த பிறகு அவளுடைய அண்ணன் மகள் அந்த வேலையை ஏற்கிறாள். அத்தையிடமிருந்து அந்தப் பெண்ணுக்கு வந்து சேருபவை ஓடமும் இந்த ஒரு ஜோடிக் காப்பும்தான். வசனம் மிகக் குறைவு. முதல் சந்திப்பிலேயே இயக்குநர், “இவள் எப்போது ஓடக்காரி ஆனாள் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது அக்கா, கையைப் பார்த்தாலே தெரிய வேண்டும்” என்றார். என் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது.

இப்படி ஒரு காப்பு கைமாறுவதை வைத்தே ஒரு மனிதனின் மாற்றத்தைச் சொல்லிவிட முடியும் என்று எனக்குக் காட்டியது, 2001-இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் முதல் படம். அதில் அரசுரிமை உடைய அரகார்ன் வெயிலிலும் மழையிலும் நைந்த தோல் அங்கியோடு அலைகிறான். அரசனுக்குப் பதிலாக நாட்டை ஆளும் குடும்பத்தின் மூத்த மகன் போரோமிர் செழிப்பான உடையில் வருகிறான். போரோமிரின் முன்கைக் காப்புகளில் கோண்டோர் நாட்டின் சின்னமான வெள்ளை மரம் பதிக்கப்பட்டிருக்கும். அவன் இறந்த பிறகு அரகார்ன் அந்தக் காப்புகளை எடுத்துத் தன் கைகளில் கட்டிக்கொள்கிறான். அதற்கு முன்புவரை அவன் உடையில் அந்த நாட்டின் அடையாளம் இப்படி வெளிப்படையாக இருந்ததில்லை. அடுத்த படத்திலும் அந்தக் காப்புகள் அவன் கையில் இருக்கின்றன. யாரும் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பேசுவதில்லை. முடிசூடிக்கொள்ளத் தயங்கும் ஒருவன் அந்தப் பொறுப்புக்குள் முதல் அடி வைப்பது இறந்த நண்பனின் தோல் காப்பு வழியாகத்தான் என்பதை, கவனித்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் படம் சொல்கிறது. அந்த மூன்று படங்களின் உடை வடிவமைப்பாளர் நைலா டிக்சன். மூன்றாவது படத்துக்காக ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து 2004-இல் ஆஸ்கர் விருது பெற்றார். அரகார்னாக நடித்த விகோ மார்ட்டென்சன் தன் உடையைத் தன்னோடே வைத்திருந்து, கிழிந்த இடங்களைத் தானே தைத்துக்கொண்டார் என்பதும் அந்தப் படத்தை விரும்பிப் பார்க்கும் பலர் அறிந்த செய்தி. இந்த இரண்டாவது செய்தியின் அருமை எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் விளங்கியது.

தமிழில் ‘காப்பு’ என்ற சொல்லுக்கே இந்தக் கனம் உண்டு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். கவசம் என்றோ உறை என்றோ நினைக்காமல் காப்பு என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது, பின்னால் பல முடிவுகளை எனக்கு எளிதாக்கியது.

முதல் தடை தோல் வாங்குவதிலேயே வந்தது. ஈரப்படுத்தி அழுத்தினால் அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்குத்தான் உண்டு. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, பைகளுக்கும் ஷூவின் மேல்பாகத்துக்கும் ஏற்றது. ஆனால் அதில் எவ்வளவு அழுத்திச் செதுக்கினாலும் காய்ந்ததும் கோடு மங்கிவிடும். சென்னைப் பெரியமேட்டில் ஒரு தோல் கடையில் பட்டைத் தோல் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் வந்து ஓர் ஓரத்தை அறுத்துப் பார்த்தபோது, மேலும் கீழும் பழுப்புச் சாயம் இருக்க, நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தது. அது குரோம் தோலின் அடையாளம். வாங்கும் இடத்திலேயே ஒரு மூலையை அறுத்து விளிம்பைப் பார்த்துவிடுவது நல்லது; உண்மையான பட்டைத் தோலில் நடுப்பகுதியும் பழுப்பாகவே இருக்கும். இரண்டாம் முறை அப்படி அறுத்துப் பார்த்து, 3 மி.மீ. தடிமனுள்ள மாட்டுத் தோலைச் சாயம் ஏற்றாத நிலையில் வாங்கினேன்.

அளவு எடுத்தபோதுதான் கதைக்குத் தேவையான ஒன்று தானாகக் கிடைத்தது. அத்தையாக நடித்தவர் அனுபவமுள்ள நாடக நடிகை. அவர் மணிக்கட்டின் சுற்றளவு 18 செ.மீ., முழங்கைக்குக் கீழே 27 செ.மீ. கட்டும் நாடாவுக்காக 3 செ.மீ. இடைவெளி விட வேண்டும் என்பதால், தோலின் அகலம் மணிக்கட்டில் 15, மேலே 24 செ.மீ. என்று வெட்டினேன். பெண்ணாக நடித்தவரின் மணிக்கட்டு 14.5 செ.மீ.தான், மேலே 22. அதாவது அத்தையின் காப்பை அவர் கட்டும்போது இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. நாடாவை எவ்வளவு இறுக்கினாலும் காப்பு கையில் சுழல்கிறது. இதை முதலில் தையல் குறையாகத்தான் நினைத்தேன், அவருக்கெனத் தனியாகச் சின்ன அளவில் ஒன்று செய்துவிடலாம் என்றும் எண்ணினேன். பிறகு, உடைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அந்தத் தளர்ச்சியே பாத்திரத்தின் தொடக்க நிலை என்பது பிடிபட்டது. அத்தையின் வேலை இந்தப் பெண்ணுக்கு இன்னும் பெரிதாக இருக்கிறது. அவள் பழைய துணியைக் கையில் சுற்றி அதன்மேல் காப்பைக் கட்டட்டும் என்று முடிவு செய்தோம். அந்தத் துணி அத்தையின் புடவைக் கிழிசலாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் சேர்த்துக்கொண்டார்.

படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது. எங்களுக்கு ஆற்றங்கரை கிடைத்த நாள்களைப் பொறுத்து, கடைசிக் காட்சியை முதல் நாளிலேயே எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரே காப்பைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போக முடியாது; ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஜோடி என்று மூன்று ஜோடி, ஆறு உருப்படி வேண்டும். அதோடு, இரண்டாவது ஜோடியில் முதல் ஜோடியின் தேய்மானம் எல்லாம் அதே இடத்தில் இருக்க வேண்டும்; மூன்றாவதில் முதல் இரண்டின் வடுக்களும் இருந்து, அவற்றின்மேல் புதியவை சேர்ந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தவறவிட்டால் காப்பு ஒரு காட்சியில் முதுமையடைந்து அடுத்த காட்சியில் இளமையாகிவிடும்.

ஆறு துண்டுகளையும் ஒரே தோலிலிருந்து அடுத்தடுத்து வெட்டினேன். பஞ்சால் நீர் ஒற்றி, மேற்பரப்பு தன் பழைய வெளிர் நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும் நேரத்தில்தான் செதுக்க வேண்டும்; சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்போது கோடு நிற்காது. நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் ஆற்றைக் குறிக்கும் மூன்று நெளிகோடுகள், இரண்டு விளிம்புகளிலும் நாணல் வரிசை. பிறகு மணிக்கட்டு அளவுள்ள ஒரு கட்டையில் சுற்றிக் கட்டி நிழலில் காயவிட்டேன். அவசரப்பட்டு ஹேர் டிரையரின் அதிகச் சூட்டைக் காட்டிய ஒரு மாதிரித் துண்டு வெந்ததுபோலச் சுருங்கி விறைத்துவிட்டது. ஈரத்தோலுக்குச் சூடு ஆகவே ஆகாது.

நிறத்துக்குச் சாயம் எதுவும் வாங்கவில்லை. பட்டைத் தோல் வெயிலில் தானே கருக்கும். விளக்கெண்ணெயை மெலிதாகத் தடவி மொட்டை மாடியில் நான்கு நாள் வைத்ததும் ஆறு உருப்படிகளும் ஒரே சீராகத் தேன் நிறத்துக்கு வந்தன. வியர்வையால் கறுக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இரண்டு வாரம் ஊறவைத்து எடுத்த நீரைப் பயன்படுத்தினேன். இரும்பும் பட்டையின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். முதலில் கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிவிட்டு அதன்மேல் இந்த நீரை வைத்தால் கறுப்பு இன்னும் ஆழமாக இறங்கும். கலம்காரித் துணிகளின் கறுப்புக் கோடும் கடுக்காயையும் இரும்பையும் நம்பித்தான் இருக்கிறது. நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, புளிப்பைத் தணித்துவிட வேண்டும்.

அடுத்தது பழமையாக்குதல். இந்த இடத்தில்தான் நான் மோசமாகத் தவறினேன். மாதிரித் துண்டை எடுத்து, உப்புத்தாளால் மேலெல்லாம் தேய்த்து, நாணலின் முனைகளை வெளிறச் செய்து, கரித்தூளைப் பூசித் துடைத்தேன். தூரத்திலிருந்து பார்க்கப் பழையதாகத்தான் இருந்தது. கேமராவில் எடுத்துப் பார்த்தபோது, புதிய பொருளைப் பழையதுபோல ஆக்கியிருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. காரணம் புரியாமல் அந்தத் துண்டை என் கையிலேயே கட்டிக்கொண்டு பத்து நாள் வேலை செய்தேன். தையல் எந்திரத்தில் உட்கார்ந்தேன், தண்ணீர் தூக்கினேன், சைக்கிள் ஓட்டினேன். பத்தாம் நாள் பார்த்தால், நான் தேய்த்த இடங்களில் ஒன்றுகூடத் தேயவில்லை. நடுவிலிருந்த அலங்காரம் யாராலும் தீண்டப்படாமல் இருந்தது. தேய்ந்திருந்தது சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல், மேசை விளிம்பு உரசும் இடம். மணிக்கட்டின் உள்விளிம்பு வியர்வையில் கறுத்திருந்தது. நாடாத் துளைகள் வட்டம் குலைந்து, இழுபடும் திசையில் நீண்டிருந்தன. அவை ஒரு தையல்காரியின் கையைக் காட்டும் தேய்மானங்கள். ஓடக்காரியின் கையில் தேய்மானம் வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

அது எந்த இடம் என்று ஊகிக்க விரும்பாமல், தென்னங்கயிறு ஒன்றை மொட்டை மாடித் தூண்களுக்கு நடுவே கட்டி, அதில் கரித்தூளை நன்றாகத் தேய்த்துவிட்டு, இரண்டு நடிகைகளையும் வரவழைத்து, சாயம் ஏற்றாத வெளிர்நிறத் தோல் துண்டுகளைக் கட்டிக்கொண்டு ஆளுக்குக் கால் மணி நேரம் கயிற்றை இழுக்கச் சொன்னேன். கரி படிந்த இடங்களே தேய்மானத்தின் வரைபடமாகிவிட்டன. உள்ளங்கையிலிருந்து நழுவும் கயிறு முன்கையின் உட்பக்கத்தில், மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே சாய்வாக உரசுகிறது. அதோடு நான் சற்றும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. அத்தையாக நடித்தவர் இடது கையை முன்னால் விட்டு இழுப்பவர், கரி அவருடைய இடது காப்பிலேயே அதிகம் படிந்திருந்தது. இளையவர் வலது கையை முன்னால் விடுபவர்.

அந்த நிமிடத்தில் முழு வடிவமைப்பும் எனக்குத் துலங்கியது. மூன்று ஜோடிகளிலும் இடது காப்பில் அத்தையின் நீண்ட காலத் தேய்மானம் ஆழமாக, வழுவழுப்பாக, கறுத்துப் பளபளக்க இருக்க வேண்டும். வலது காப்பு முதல் இரண்டு ஜோடிகளில் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கும். மூன்றாவது ஜோடியில் மட்டும் வலது காப்பிலும் கயிற்றின் தடம் விழுந்திருக்க வேண்டும். அது இன்னும் சொரசொரப்பாக, வெளிறிய நிறத்தில், எண்ணெய் ஏறாமல் இருக்கும். ஒரு ஜோடியில் இரண்டு ஆயுள்கள். இடப்பக்கம் அத்தை, வலப்பக்கம் பெண். இதைப் பார்வையாளர்கள் அத்தனை பேரும் கண்டுகொள்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடிகை கண்டுகொண்டார். மூன்றாவது ஜோடியைக் கட்டிக்கொண்டதும் அவர் செய்த முதல் காரியம், இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அந்தப் பார்வையை இயக்குநர் அப்படியே காட்சியில் வைத்துக்கொண்டார். உடை நடிகருக்கு முதலில் பேச வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அவருக்குள் போன பிறகுதான் அது திரைக்கு வரும்.

தேய்மானத்தைக் கையால் வரையவில்லை. கரித்தூளுக்குப் பதிலாக நுண்மணலைக் கயிற்றில் பூசி, காப்பை மரக்கட்டையில் மாட்டி, கரி காட்டிய அதே சாய்வில் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தேன். இடது காப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் செலவாயிற்று. இழுத்து முடித்து எண்ணெய் தடவி, தேன்மெழுகைச் சிறிது சூடாக்கித் தேய்த்துத் துணியால் மெருகேற்றினேன். தோள் வலித்தது, ஆனால் உப்புத்தாளால் ஒருபோதும் கிடைக்காத ஒரு பள்ளம், கயிற்றின் முறுக்கு வரிகளோடு, தோலில் இறங்கியிருந்தது.

ஐந்தாவது வாரத்தில் தையலுக்கு வந்தேன். காப்பின் உட்புறத்தில் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து, மெழுகு நூலை இரண்டு ஊசிகளில் கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் ஊசி போகும்படி 4 மி.மீ. இடைவெளியில் சுற்றிலும் தைத்திருந்தேன். கதையில் முதல் தாக்குதலின்போது பூதத்தின் நகம் பட்டு முழங்கைப் பக்கத் தையல் பிரிகிறது. அன்றிரவு அந்தப் பெண் விளக்கடியில் உட்கார்ந்து அதைத் தைக்கிறாள். இந்தத் தையலைப் போட உட்கார்ந்த எனக்கு அது வரவே இல்லை. வேண்டுமென்றே கோணலாகத் தைத்தேன். ஆனால் அந்தக் கோணலிலும் ஓர் ஒழுங்கு இருந்தது, ஒன்று விட்டு ஒன்று என்று கை தன்னையறியாமல் கணக்கு வைத்துக்கொண்டது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். அப்போதும் தைக்கத் தெரிந்தவள் தெரியாததுபோல நடிப்பதாகவே இருந்தது.

கடைசியில் நூலையும் ஊசியையும் நடிகையிடமே கொடுத்துவிட்டேன். தோல் தைத்துப் பழக்கமே இல்லாத அவர், மீன்வலை நூலை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போராடி, ஒன்பது தையல் போட்டார். முதல் தையலை மிகவும் உள்ளே குத்தி, இரண்டாவதை விளிம்புக்கே கொண்டுபோய், நூல் தோலைக் கிழித்துவிடுமோ என்று பயந்து மூன்றாவதைத் தளர விட்டிருந்தார். முடிச்சு மூன்று தடவை போட்டிருந்தது. பயம், அவசரம், அவிழ்ந்துவிடக் கூடாது என்ற பிடிவாதம் மூன்றும் அந்த ஒன்பது தையலில் இருந்தன. என் பதினைந்து ஆண்டுப் பழக்கத்தால் அதைப் போலி செய்ய முடியவில்லை. அந்தக் காப்பை முன்னால் வைத்துக்கொண்டு அவரையே மூன்றாவது ஜோடியிலும் அதே துளைகளில் தைக்க வைத்தேன்.

கதையின் முடிவுக்கு முன் அந்தப் பெண் இன்னொரு முறை ஒரு கிழிசலைத் தைக்கிறாள். அதையும் அவரே தைக்க வேண்டும் என்பதால், நடுவில் இருந்த மூன்று வாரமும் தோல் துண்டுகளைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொன்னேன். தினமும் மாலையில் அரை மணி நேரம் தைத்தார். அந்த இரண்டாவது தையல் என்னுடையதைப் போல இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் இடைவெளி ஏறக்குறையச் சமம், இழுப்பு சமம், முடிச்சு ஒன்றே. மூன்றாவது ஜோடியில் பழைய ஒன்பது தையலும் புதிய பதினொரு தையலும் ஒரு விரற்கடை தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தப் பெண்ணின் வளர்ச்சி அந்த ஒரு விரற்கடையில் தெரிகிறது. அதில் நடிப்பு கிடையாது.

மூன்றாவது ஜோடியில் மிச்சமிருந்தது பொருத்தம். துணி சுற்றிக் கட்டியவள், கடைசியிலும் துணி சுற்றியேதான் கட்டுவாளா என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அவள் காப்பை அறுத்துத் தன் அளவுக்குச் செய்துகொள்ளட்டும் என்றார். எனக்கு அது உடனே ஒப்பவில்லை. அத்தை விட்டுப்போன பொருளில் கத்தி வைப்பது மரியாதையில்லாத காரியம் என்று பட்டது; நான் நேசிக்கும் அந்தப் படத்தில் அரகார்ன் காப்பை அப்படியேதானே கட்டிக்கொள்கிறான் என்றும் வாதாடினேன். ஆனால் அவன் சுமப்பது ஒரு நாட்டின் சின்னம், அதைத் திருத்த அவனுக்கு உரிமையில்லை. இவள் ஏற்பது ஒரு வேலை. கயிறு இழுக்கும்போது சுழலும் காப்பை வைத்துக்கொண்டு யாரையும் காப்பாற்ற முடியாது. இரண்டு நாள் கழித்து நானே கத்தியை எடுத்தேன்.

மணிக்கட்டுப் பக்கம் 2.5 செ.மீ., மேலே 4 செ.மீ. என்று சரிவாக, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அறுத்தேன். வேலை செய்கிற பெண் இரண்டு பக்கமும் சமமாக அளந்து அறுக்க மாட்டாள். இதனால் ஒரு விளிம்பில் நாணல் வரிசை முழுவதும் போய்விட்டது. நடுவில் ஓடிய ஆறு ஓரமாக ஒதுங்கிவிட்டது. அறுத்த விளிம்பை மெருகேற்றாமல் பச்சையாக விட்டு, ஆணியால் குத்தியதுபோல ஆறு புதிய துளைகள் போட்டேன். நாடா கட்டியபோது 2 செ.மீ. இடைவெளி கிடைத்தது, துணியில்லாமலேயே காப்பு கையோடு ஒட்டி நின்றது. அத்தையின் அழகான சமச்சீர் குலைந்து, முதன்முறையாக அது அந்தப் பெண்ணின் பொருளாகத் தெரிந்தது.

அறுத்தெடுத்த நாணல் வார்களை நான் பெட்டியில் போடப்போனபோது நடிகை, “அவள் இதைத் தூக்கி எறிய மாட்டாளே அக்கா” என்றார். அதற்காக ஒரு ஷாட் சேர்ந்தது. ஓடத்தின் கயிறு கட்டிய கரைத்தூணில் அவள் அந்த வாரைச் சுற்றி முடிகிறாள். ஒவ்வொரு டேக்குக்கும் வார் நனையும் என்பதால் இன்னும் நான்கு வார்கள் செதுக்க வேண்டியிருந்தது. தோல் தீர்ந்துவிட்டிருந்தது. நான் பத்து நாள் கையில் கட்டித் திரிந்த மாதிரித் துண்டிலிருந்தும், கரி படிந்த வெளிர்நிறத் தோல் துண்டுகளிலிருந்தும் அவற்றை வெட்டிக் கொடுத்தேன்.